விளிக்கு மறுவிளி

சங்கத்தின் செயலாளர் பதவி வேன்காரியின் தலையில் வந்து விழுந்ததற்கு ஒரே காரணம், அன்றைய கூட்டத்துக்கு அவள் தாமதமாக வந்ததுதான். பள்ளிப் பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிட்டு, வேனை நிறுத்த இடம் தேடித் தெருத் தெருவாகச் சுற்றி, மூச்சு வாங்க மாடிப்படி ஏறி உள்ளே நுழைந்தால் எல்லாரும் கை தட்டுகிறார்கள். எதற்கு என்று கேட்பதற்குள், "ஒருமனதா உன்னைத் தேர்ந்தெடுத்தாச்சு" என்று ரப்பர் முத்திரையை அவள் கையில் திணித்துவிட்டுக் கிளம்பியே போய்விட்டார் பழைய செயலாளர். நாற்காலியை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்பதில்கூட ஒத்துப்போகாத தீவுக்காரர்கள், தங்கள் சரித்திரத்திலேயே ஒருமனதாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

தீவுக்காரர்கள் என்பதும் பேச்சுக்குத்தான். தீவே இப்போது கிடையாது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், நடுவே ஒடுங்கலான ஒரு கடல்வழியோடு கிடந்த மண்திட்டு அது. பக்கத்தில் விமான நிலையம். இரண்டாவது ஓடுபாதைக்கு இடம் போதவில்லை என்றதும் கடல்வழியைத் தூர்த்து, தீவின் மேட்டைச் சீவி, எல்லாவற்றையும் ஒரே தரையாக்கிவிட்டார்கள். குடியிருந்தவர்களுக்குக் கரையில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. அதையாவது நல்ல இடமாகப் பார்த்துக் கட்டினார்களா என்றால், விமானம் இறங்குகிற பாதைக்கு நேர் கீழே. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம்.

வேன்காரி பள்ளிப் படிப்பை முடிக்கிற வருடத்தில் நடந்தது இது. இப்போது அவள் மகளே வேலைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்த வீடுகளில் யாரும் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடித்ததில்லை. பாதியில் விமானம் வரும். திறந்த வாயோடு காத்திருந்து, அது போனபிறகு மீதியைச் சொல்வார்கள். சண்டை போடும்போது மட்டும் யாரும் காத்திருப்பதில்லை.

பதவி வந்த கையோடு வேலையும் வந்தது. விமான நிலையத்தில், தீவு இருந்த இடத்திலேயே, புதிதாக ஒரு முனையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் தீவின் பாரம்பரியத்துக்கென்று ஒரு மூலை ஒதுக்கப் போவதாகவும், வைப்பதற்கு ஏதாவது வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டு மக்கள் தொடர்பு அதிகாரி வந்து நின்றார். எந்நேரமும் சிரித்த முகம். இழவு வீட்டுக்குப் போனாலும் அந்தச் சிரிப்பைக் கழற்றி வைக்க அவருக்குத் தெரியாது என்று வேன்காரிக்குத் தோன்றியது.

"உங்க பாரம்பரியத்தை நாங்க பாதுகாக்கப் போறோம்," என்றார்.

"தூர்த்தது யாரு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அதிகாரி அதற்கும் சிரித்தார்.

என்ன வைப்பது என்று பேசக் கூடினார்கள். படகு வைக்கலாம் என்றார் ஒருவர். எந்தக் கரைப் படகு? வடகரைப் படகுக்கு மூக்கு கூர், தென்கரைப் படகுக்கு மழுங்கல். அதில் ஒரு மாலை போனது. துடுப்பு என்றார்கள். துடுப்பை நட்டு வைப்பதா படுக்க வைப்பதா என்பதில் இன்னொரு மாலை போனது. இவர்களுக்கா பாரம்பரியம் இல்லை, சண்டைதானே இவர்கள் பாரம்பரியம், அதையே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடலாமே என்று வேன்காரி தலையில் அடித்துக்கொண்டாள். எல்லாரும் எழுந்து செருப்பைத் தேடுகிற நேரத்தில் யாரோ, "விளியை எடுத்துக்கச் சொல்லுங்கப்பா" என்றார்கள். அதற்கு மட்டும் மறுபேச்சு வரவில்லை.

விளி என்பது தீவுப் பெண்கள் கரையில் நின்று கடலில் இருக்கும் படகுக்குக் கொடுக்கும் குரல். சொல் கிடையாது, வெறும் இழுவை. வீட்டுக்கு வீடு தொடக்கம் வேறு. அதைக் கேட்டதுமே எந்த வீட்டு ஆளைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துவிடும். பின்னால் வருவது சேதி: காற்று மாறுகிறது, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது, இப்படி. படகில் இருப்பவர் அதற்கு மறுவிளி கொடுக்க வேண்டும். மறுவிளியில் வீட்டு அடையாளம் கிடையாது, சேதி மட்டும்தான்; அது வரவில்லை என்றால் ஒன்று ஆள் இல்லை என்று அர்த்தம், இல்லையென்றால் இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

இதை முறையாகத் தெரிந்தவர்களில் மிஞ்சியது இரண்டு பேர். ஒருத்தி வேன்காரியின் அம்மா. கரையிலிருந்து விளிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இருந்ததில்லை. இன்னொருத்தி அம்மாவின் தங்கை. ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் அப்பாவோடு படகேறி வளர்ந்தவள் சித்தி. மறுவிளி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அக்கா கூப்பிடத் தங்கை பதில் சொன்னால் வேலை முடிந்தது. ஆனால் தீவை விட்டு வந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அம்மா வேன்காரியோடு ஒரு கட்டடத்தில். சித்தி எதிர்க் கட்டடத்தில். நடுவே வண்டி நிறுத்தும் இடம். முகத்தில் விழிக்க வேண்டியிருக்கும் என்பதால் இரண்டு ஜன்னலிலும் பகலிலேயே திரை தொங்கும். ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதெல்லாம் வேன்காரி வழியாகத்தான். "உன் சித்திகிட்ட சொல்லு, துணி காயப்போட்டா பிழிஞ்சு போடணும்னு." "உங்கம்மாகிட்ட சொல்லு, அவ வீட்டு டிவி எங்க கட்டடம் வரைக்கும் கேக்குதுன்னு." இரண்டு பக்கமும் இடி வாங்குகிற மத்தளத்துக்காவது நடுநடுவே உறைக்குள் ஓய்வு உண்டு.

குரல் பதிவு செய்யப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கழுத்தில் எப்போதும் ஹெட்போன் தொங்கியதால் அம்மா அவளை ஹெட்போன் பொண்ணு என்றே கூப்பிட்டாள். பொறுமைசாலி. அந்தப் பொறுமைதான் வேன்காரிக்கு முதல் நாளிலேயே எரிச்சலைக் கிளப்பியது. தன்னிடம் இல்லாததை இன்னொருத்தி இவ்வளவு தாராளமாக வைத்திருக்கிறாளே என்று.

அம்மாவின் அறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டாள் ஹெட்போன். ஃபிரிட்ஜை அணைத்தாள், மின்விசிறியை அணைத்தாள். அம்மா வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி, விளியை எடுத்தாள். பாதியில் விமானம்.

மறுபடி எடுத்தாள். மறுபடி விமானம்.

"இவனுங்களுக்கு வானத்துல வேற வழியே இல்லையா?" என்றாள் அம்மா. "பின்னாடி அந்தச் சத்தத்தை மட்டும் கழிச்சிட முடியாதா? இப்ப என்னென்னவோ மெஷின் வந்திருக்குதாமே."

"கழிச்சா உங்க குரலும் சேர்ந்து போயிடும்மா," என்றாள் ஹெட்போன். பிறகு கொஞ்சம் தயங்கி, "அதோட இது பாதிதானே? மறுவிளியும் வேணுமே," என்றாள்.

"மறுவிளி குடுக்கிறவங்க எல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு. மிச்சம் இருக்கிறது எதிர்வீட்டு மகாராணி மட்டும்தான். அவ எனக்குக் குடுக்க மாட்டா." சொல்லிவிட்டு அம்மா ஃபிரிட்ஜைத் தானே எழுந்து போய்ப் போட்டாள். அன்றைக்கு அவ்வளவுதான் என்று அதற்கு அர்த்தம்.

மறுநாள் பள்ளிப் பிள்ளைகளை விட்டுவிட்டு நேராகச் சித்தி வீட்டுக்குப் போனாள் வேன்காரி. சித்தி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தாராளமா பதிவு பண்ணிக்கட்டும். ஆனா உங்கம்மா விளிக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். வேற யாராவது விளிக்கட்டும்."

"வேற யாரு சித்தி இருக்கா?"

"அதுக்கு நான் என்ன பண்ண?"

வேன்காரிக்குக் கதை முழுதும் தெரியும். தாத்தா கட்டிய ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்து இரண்டாக்கி அக்காவும் தங்கையும் குடியிருந்தார்கள். காலி செய்யச் சொல்லி ஆட்கள் வந்தபோது வேன்காரியின் அப்பாவுக்கு நுரையீரல் கெட்டு மூச்சு விடுவதே பெரும்பாடாக இருந்தது. தீவில் மருத்துவர் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு என்றதும் அம்மா கையெழுத்துப் போட்டாள். புருஷனை இழந்து தனியாக இருந்த சித்தி போடவில்லை. கையெழுத்துப் போட்ட வீட்டை உடனே இடித்துவிட்டுத்தான் மறுவேலை என்று அந்த ஆட்கள் திரிந்தார்கள். பாதி வீட்டை இடித்தால் மீதிப் பாதி என்ன ஆகும்? நடுச்சுவர் வெடித்து, கூரை ஒரு பக்கம் சாய்ந்து, அந்த மழைக்காலம் முழுவதும் சித்தி தார்ப்பாய்க்குள் கிடந்தாள். கடைசியாகத் தீவை விட்டு வந்தவள் அவள்தான்.

"இன்னும் அந்தச் சுவரையா நினைச்சுட்டு இருக்கே?"

"சுவருக்காக இல்லடி." சித்தி கத்தியைக் கீழே வைத்தாள். "சுவர் மண்ணு, போனா போகுது. உங்க படகு கிளம்பினப்ப நான் கரையில நின்னு விளிச்சேன். நம்ம வீட்டு விளி. அவ மறுவிளி குடுக்கல. நான் செத்தேன்னு அன்னைக்கே தலை முழுகிட்டா. இப்ப மெஷின் முன்னாடி உறவு கொண்டாடணுமோ?"

இதற்கு அம்மாவிடம் ஒரு பதில் உண்டு. அதையும் எத்தனையோ தடவை வேன்காரி சுமந்து வந்து சேர்த்திருக்கிறாள். "குடுத்தேன்னு சொல்லு! தொண்டை கிழியக் குடுத்தேன்னு சொல்லு! அவ காதுல பஞ்சு வெச்சிருந்தா அதுக்கு நானா பொறுப்பு?" சித்தி அதைக் கேட்டு, "பொய்" என்று ஒற்றைச் சொல்லில் திருப்பி அனுப்புவாள். வேன்காரியும் அந்தப் படகில் இருந்தவள்தான். ஆனால் மோட்டாருக்குப் பக்கத்தில், அப்பாவின் தலையை மடியில் போட்டுக்கொண்டு, அவர் மார்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். யார் கத்தினார்கள், யார் கத்தவில்லை என்பதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்?

எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி, இருவரும் ஒரே இடத்துக்கு வந்தால் போதும், முகம் பார்க்க வேண்டாம் என்று ஏற்பாடு செய்தாள். ஊர் நூலகத்தின் அடித்தளத்தில் ஓர் அறை. விமானச் சத்தம் கேட்காது என்று நூலகர் சத்தியம் செய்திருந்தார். கேட்கவில்லைதான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சாவி வைத்திருந்தவர் விடுப்பில். இதற்குள் சித்தி வாசல் வரை வந்து, அங்கே அக்காவின் செருப்பு கிடப்பதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே பஸ் ஏறிப் போய்விட்டாள். அம்மா ஜெயித்த முகத்தோடு, "பாத்தியா, யாரு வீம்புன்னு?" என்றாள்.

"ரெண்டு பேரும்தான்!" என்று வேன்காரி கத்திய கத்தலில் மேலே படித்துக்கொண்டிருந்தவர்கள் புத்தகத்தை மூடியிருப்பார்கள்.

பல்கலைக்கழகத்துப் பதிவு அறைக்குப் போகலாம் என்றால் அது குளியலறை அளவுதான். அதற்குள் நின்று விளித்தால் கருவி தாங்காது. கதவைச் சாத்தினால் சித்திக்கு மூச்சு முட்டும். பெரிய கூடமாகவும் இருக்க வேண்டும், சத்தமும் நுழையக் கூடாது. ஹெட்போன் மென்று விழுங்கிக்கொண்டு ஒரு யோசனை சொன்னாள்.

"அக்கா, புது முனையம் இன்னும் திறக்கலை. ரெட்டைக் கண்ணாடி. வெளிச் சத்தம் உள்ள வராது. அதிகாரியைக் கேட்டேன், சரின்னுட்டார்."

வேன்காரி அவளையே பார்த்தாள். விமானச் சத்தம் கேட்காத இடம் இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான், அது விமான நிலையம்! யாரிடம் போய்ச் சொல்லி முட்டிக்கொள்வது?

ஆச்சரியம், இருவரும் வர ஒப்புக்கொண்டார்கள். அம்மா சொன்ன காரணம், "அவ போறப்ப நான் போகாட்டி பயந்துட்டேன்னு நினைப்பா." சித்தி சொன்ன காரணமும் எழுத்துப் பிசகாமல் அதுதான். வேனில் அம்மா முன்னிருக்கையில், சித்தி கடைசி வரிசையில். நடுவே காலி இருக்கைகள். பிள்ளைகளையே பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு வேன்காரி ஓட்டினாள்.

பாதுகாப்புச் சோதனையில் அரைமணி போனது. அம்மாவின் கைப்பையிலிருந்த சின்னக் கத்திரிக்கோலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். சித்தி வாசலைத் தாண்டும்போதெல்லாம் மணி அடித்தது. வளையலைக் கழற்றியும் அடித்தது. கடைசியில் முழங்காலில் வைத்த இரும்புத் தகடு என்று தெரிந்தது. "அதையும் கழட்டித் தரவா?" என்று கேட்டாள் சித்தி. அதிகாரி சிரித்துக்கொண்டே ஓடி வந்து ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டினார். 'விருந்தினர்' என்று போட்டிருந்தது.

சித்தி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "என் வீட்டுக்கு நான் விருந்தாளியா?"

உள்ளே பரந்து கிடந்தது கூடம். நாற்காலிகளெல்லாம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தன. கண்ணாடிக்கு வெளியே விமானங்கள் ஓசையே இல்லாமல் நகர்ந்தன. வேன்காரிக்குக் காது அடைத்ததுபோல் இருந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதே இல்லை. ஹெட்போன் குச்சிகளை நட்டு, கருவிகளை மாட்டத் தொடங்கினாள்.

அம்மா மெல்ல நடந்து ஒரு தூணருகே நின்றாள். கண்ணாடி வழியே தூரத்துக் கரையையும் கலங்கரை விளக்கத்தையும் பார்த்து, கைவிரலை நீட்டி ஏதோ கணக்குப் போட்டாள்.

"உன் சித்திகிட்ட சொல்லு, நம்ம கிணறு இங்கதான்."

சித்தி உடனே எதிர்ப்பக்கம் போய் நின்றாள். "உங்கம்மாகிட்ட சொல்லு, கண்ணை டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லி. விளக்கு வலது பக்கம் தெரிஞ்சா அது கிணறு இல்ல, ஆட்டுக் கொட்டாய். கிணறு அந்தக் கழிவறைப் பக்கம்."

"அவகிட்ட சொல்லு, தண்ணி எடுத்தது நானு. அவ படகுல உக்காந்து ஊர் சுத்திட்டு இருந்தா."

"உங்கம்மாகிட்ட சொல்லு..."

"சொல்ல மாட்டேன்!"

குரல் அந்தக் கூடத்தில் போய் மோதித் திரும்பி வந்தது. ஹெட்போன் நிமிர்ந்து பார்த்தாள். வேன்காரி இருவருக்கும் நடுவே வந்து நின்றாள்.

"கல்யாணத்தப்ப சொன்னேன், பிள்ளை பெத்து படுத்திருக்கிறப்ப சொன்னேன், அப்பா செத்த அன்னைக்குக்கூட உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்து நடந்து சொன்னேன். போதும். இனிமே யாரும் எங்கிட்ட எதையும் குடுத்தனுப்பாதீங்க. கிணறு எங்க இருந்தா என்ன? எல்லாத்துக்கும் மேல டைல்ஸ் போட்டாச்சு!"

சொல்லிவிட்டுக் கூடத்தின் கோடி வரை நடந்துபோய், உறை பிரிக்காத ஒரு நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் சரசரத்து அடங்கியது. அதிகாரியின் சிரிப்பு அப்போதாவது மறைந்திருக்குமா என்று திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. வீம்புக்குத் திரும்பவில்லை. அதுவும் குடும்பச் சொத்துதானே.

பின்னாலிருந்து சித்தியின் குரல் கேட்டது. தாழ்ந்த, கரடுமுரடான குரல்.

"குடுத்தேன் குடுத்தேன்னு சொல்லி அனுப்பினியே. என்ன குடுத்தே? இப்பக் குடு, கேப்போம்."

வேன்காரி சட்டென்று திரும்பினாள். அது அவளிடம் சொன்னதில்லை.

"நீ விளிக்காம நான் என்னத்தக் குடுக்கிறது?" என்றாள் அம்மா. அதுவும் அவளிடம் சொன்னதில்லை.

சித்தி விளித்தாள். படகில் வளர்ந்த தொண்டை. அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, ஒரே மூச்சில் ஏறி, உச்சியில் நின்று ஆடி, இறங்காமலே அறுந்தது. தாத்தா வீட்டு விளி. பின்னால் வந்த சேதி, 'திரும்பிப் பார்'. கண்ணாடி அதிர்ந்ததோ, இல்லை வேன்காரியின் நெஞ்சுதான் அதிர்ந்ததோ. அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

அம்மா தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். அன்று படகில் கொடுத்த மறுவிளியைக் கொடுத்தாள். நீளமாக எழுந்து, வளைந்து, கீழே வந்து, கரகரத்துத் தரையில் முடிந்தது.

மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு பாதுகாப்பு ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் கையில் ஸ்ட்ரெச்சர் வேறு. ஹெட்போன் இரண்டு கையையும் விரித்து, உதட்டில் சத்தமே இல்லாமல், 'பதிவு ஓடுது!' என்று அவர்களை மறித்து நிறுத்தினாள். பொறுமைசாலிக்குள்ளும் ஒரு ரௌடி இருந்திருக்கிறாள்.

சித்தி அக்காவையே பார்த்தபடி நின்றாள்.

"இதையா குடுத்தே?"

"ஆமா. 'போய்ட்டு வர்றேன்'னு."

"'போய்ட்டு வர்றேன்'னா கடைசியில மேல ஏத்தணும். நீ கீழயே போட்டுட்டே." கையைத் தரைப்பக்கம் இறக்கிக் காட்டினாள் சித்தி. "இது 'வலை அறுந்துபோச்சு'."

"என்னது?"

"வலை அறுந்துபோச்சு! அன்னைக்கு எனக்கு இது கேட்டுது. நல்லாவே கேட்டுது. ஊரே மூட்டை கட்டிட்டு இருக்கு, இந்த நேரத்துல எந்த மடையன் வலை போட்டு அறுத்துக்கிட்டு ஒப்பாரி வைக்கிறான்னு நினைச்சேன். உன் பதில் வரும் வரும்னு இருட்டுற வரைக்கும் கரையில நின்னேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?" அம்மாவும் கத்தினாள். "நான் என்னைக்குப் படகுல போனேன்? அப்பா உன்னைத்தானே கூட்டிட்டுப் போவாரு. நீங்க குடுக்கிறதைக் கரையில நின்னு கேட்ட ஞாபகத்துல குடுத்தேன். இவரு ஒருபக்கம் மூச்சுக்கு இழுத்துட்டுக் கிடக்கிறாரு, அதுல மேல ஏத்தறதா கீழ எறக்கறதான்னு... அடிப்பாவி, ஒரு வாலைத் தூக்காததுக்காடி இத்தனை வருஷம் எங்கூடப் பேசாம இருந்தே?"

"நீ மட்டும் பேசினியா அக்கா?"

சித்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது. அம்மா பக்கத்தில் போய், குனிய முடியாமல், தங்கையின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "எந்திரிடி, தரை சில்லுன்னு இருக்கு," என்றாள்.

வேன்காரி உருகிப்போயிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் உருகியிருப்பார்கள். அவளுக்கு வந்தது கோபம்தான். எத்தனை நாள், எத்தனை மாடிப்படி, எத்தனை "சொல்லு"! ஒருமுறை, ஒரே ஒருமுறை நேருக்கு நேர் நின்று விளித்துப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடியது. சித்தி காட்டிய கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதாள். தாரை தாரையாக வந்தது. முகம் கழுவி வெளியே வந்தபோது இருவரும் ஆட்டுக் கொட்டாயைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், நேரடியாக.

அதன்பிறகு ஹெட்போனுக்கு நல்ல அறுவடை. அதே கூடத்தில் வாரம் ஒருமுறையாக, வீட்டு வீட்டு விளிகளையும் மறுவிளிகளையும் இருவரும் பாடம்போல் கொடுத்தார்கள். எந்த வீட்டு விளி எப்படித் தொடங்கும் என்பதில் சண்டை வந்தால் அதையும் சேர்த்துப் பதிவு செய்துகொண்டாள் அவள். "சண்டையும் ஆதாரம்தான் அக்கா" என்றாள். எல்லாம் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். தீவுக்காரர்களின் பேரப் பிள்ளைகள் சிலர் கேட்டுவிட்டு வந்து தங்கள் வீட்டு விளியைக் கைபேசியில் மணியாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டுக் கச்சேரி மாதிரி இருக்கிறது கட்டடம்.

முனையமும் திறந்தாகிவிட்டது. பாரம்பரிய மூலையில் ஒரு படகு, அதற்குக் கூர் மூக்கும் இல்லை, மழுங்கல் மூக்கும் இல்லை, யாரோ கலைஞர் தன் இஷ்டத்துக்குச் செய்தது. பக்கத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் அந்த முதல் நாள் பதிவு கேட்கும். கடைசியில் சிரிப்பும் இருப்பதால் அதிகாரிக்கு அதுதான் பிடித்திருந்ததாம். பயணிகள் திடுக்கிடுகிறார்கள் என்று ஒலியைக் குறைத்து, கொசு முனகுவதுபோல் ஆக்கிவிட்டார்கள். மேலே பலகை: 'தீவுப் பெண்களின் மகிழ்ச்சிப் பாடல்.'

வேன்காரி முதலில் தொலைபேசியில் சொன்னாள். பரிசீலிக்கிறோம் என்றார்கள். நேரில் போய்ச் சொன்னாள். அதிகாரி சிரித்தார். இப்போது சங்கத்தின் பெயரில் முறையாக ஒரு மனு எழுத உட்கார்ந்திருக்கிறாள். காலை நேரம். எதிரே மேசையில் அம்மாவும் சித்தியும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். சித்தி இப்போதெல்லாம் பொழுது விடிந்தால் இங்கேதான்.

"இது பாட்டு இல்ல, விளின்னு எழுது," என்றாள் அம்மா.

"மகிழ்ச்சியும் இல்லன்னு எழுது," என்றாள் சித்தி.

"ஏன், கடைசியில சிரிச்சியே."

"அது சிரிப்பா? உனக்குக் கண்ணும் போச்சு, காதும் போச்சு."

"அப்ப என்னன்னு எழுதறது?" என்று கேட்டாள் வேன்காரி.

இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். விமானம் வந்தது. காத்திருக்காமல் இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. வேன்காரி பேனாவை மூடி வைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பிள்ளைகள் தெருமுனையில் நிற்பார்கள்.